நாளிதழா, இணையமா: மலையில் எந்தச் செய்தியை நம்புவது?

கேள்வி: 2025 ஜூன் 12

குன்னூரிலிருந்து ஒரு வாசகர்: "எங்கள் வீட்டில் 30 ஆண்டுகளாக வாங்கிவரும் நாளிதழை இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்று மகன் சொல்கிறான். காலையில் வருவதை முந்தைய நாள் மாலையே கைப்பேசியில் படித்துவிடுகிறோமே என்பது அவன் வாதம். கைப்பேசியில் வருவதில் பாதி பொய் என்பது என் வாதம். எது நம்பத்தகுந்தது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

ஜூன் 12, இரவு

நிறுத்த வேண்டாம் ஐயா. கோத்தகிரிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் 26 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காலையில் வரும் நாளிதழ்களில் முத்திரை குத்தி மேசையில் பரப்புவதும், மாதக் கடைசியில் சணல் கயிற்றால் கட்டி அடுக்குவதும் என் வேலையாக இருந்தன. எந்த நாளிதழானாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அச்சிட்டவர் யார், வெளியிட்டவர் யார், எந்த முகவரியில் அச்சானது, ஆசிரியர் யார் என்று அதில் இருக்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த வழக்கம் அது; அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 மார்ச்சில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் அந்த வரி அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது. பொய் எழுதினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது அந்த வரியில் இருக்கிறது. உங்கள் மகன் படிக்கும் செய்திக்கு அப்படி ஓர் அடிவரி இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

ஜூன் 13

மஞ்சூரிலிருந்து எழுதும் தம்பி, இணைய இதழ்களிலும் ஆசிரியர் பெயரும் முகவரியும் இருக்கின்றனவே அக்கா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இணையம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியது என் தவறு. நாளிதழ் நடத்தும் வலைத்தளம் வேறு, இணையத்தில் மட்டும் வரும் இதழ் வேறு, ஊரில் ஒருவர் நடத்தும் யூடியூப் சேனல் வேறு, யார் எழுதியது என்றே தெரியாமல் வாட்ஸ்அப்பில் வந்து விழும் வாசகம் வேறு. இனி நான்கையும் பிரித்தே எழுதுகிறேன்.

பொறுப்பைச் சட்டத்தால் கட்டுவது எளிதாகவும் இல்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலால் நாளிதழைக் கண்டிக்க முடியும், தண்டிக்க முடியாது. தொலைக்காட்சியும் வலைத்தளமும் அதன் வரம்பிலேயே இல்லை. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு இணையச் செய்திக்கென விதிகள் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவற்றின் முக்கியமான சில பகுதிகளைப் பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. எந்தச் செய்தி பொய் என்று ஒன்றிய அரசின் குழுவே முடிவுசெய்யும் ஏற்பாட்டையும் அந்த நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு எனக்கு நிம்மதி தந்தது. தன்னைப் பற்றிய செய்தி பொய்யா மெய்யா என்று சொல்லும் அதிகாரத்தை அரசே கையில் வைத்துக்கொண்டால், நூலக மேசையில் நான் எதைப் பரப்பியிருக்க முடியும்?

ஜூன் 15

தம்பி இன்னொன்றும் கேட்டார்: பெரிய செய்தி ஒன்று உங்கள் கண்ணெதிரே நடந்தபோது எது முதலில் உண்மையைச் சொன்னது? 2021 டிசம்பர் 8ஆம் தேதியை நினைத்துப் பார்க்கிறேன்.

அன்று நான் வெலிங்டனில் தங்கை வீட்டில் இருந்தேன். சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர், பகல் 12 மணி கடந்த சற்று நேரத்தில் காட்டேரியில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி உட்பட 14 பேர் அதில் இருந்தனர். வெளியே மிஸ்ட் இறங்கி எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. தொலைக்காட்சியில் சேனலை மாற்றும்போதெல்லாம் உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கை மாறியது. காப்பாற்றப்பட்டவர்களின் எண்ணிக்கையும் மாறியது. தளபதி இறந்துவிட்டதை விமானப்படை முறையாக அறிவித்தபோது மாலை 6 மணி ஆகியிருந்தது. நடுவில் இருந்த ஐந்தாறு மணி நேரமும் யாரிடமும் உறுதியான செய்தி இல்லை. இருந்தும் எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அச்சு நாளிதழ் மட்டும் பேசவில்லை, ஏனென்றால் அதனால் மறுநாள் காலைக்கு முன் பேச முடியாது. அந்தத் தாமதத்தை அதுவரை குறையாக நினைத்திருந்தவள், மறுநாள் காலை நாளிதழைப் பிரித்தபோது அதில் இருந்த எண்களைத்தான் முதன்முதலாக நம்பினேன்.

அந்தப் பிற்பகலில் தங்கையின் கைப்பேசிக்கு இரண்டு காணொளிகள் வந்தன. ஒன்றில் ஹெலிகாப்டர் தீப்பற்றிச் சுழன்று விழுகிறது. படத்தில் மேகமே இல்லை. எங்கள் சன்னலுக்கு வெளியே பத்தடி தெரியவில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது. அது 2020 பிப்ரவரியில் சிரியாவில் எடுக்கப்பட்டது என்று தகவல் சரிபார்ப்பவர்கள் பிறகு காட்டினார்கள். இன்னொன்று அடுத்த நாள் பரவியது. மலை ரயில் தண்டவாளத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்தது. ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து மறைகிறது, அவ்வளவுதான். அந்தக் கைப்பேசியைக் காவல்துறை வாங்கித் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பியது. விமானப்படையின் விசாரணை 2022 ஜனவரியில் சொன்னதும் அந்தச் சில நொடிகளோடு பொருந்தியது: பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மாறிய வானிலை, மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்கு ஏற்பட்ட திசை மயக்கம், சதியோ இயந்திரக் கோளாறோ இல்லை. ஒரே கைப்பேசி, ஒரே வாட்ஸ்அப், அதில் ஒன்று பொய், ஒன்று சாட்சி.

ஜூன் 16

திருத்தம் இரண்டு. ஹெலிகாப்டர் விழுந்த ஊர் நஞ்சப்பசத்திரம். காட்டேரி பக்கத்தில் இருப்பது. அன்றைய அவசரத்தில் எல்லாரும் காட்டேரி என்றதை நானும் மூன்றரை ஆண்டு கழித்து அப்படியே எழுதிவிட்டேன். முதலில் தண்ணீரும் கம்பளியும் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் அந்த ஊர் மக்கள். அவர்கள் ஊரின் பெயராவது சரியாக இருக்க வேண்டும். இரண்டாவது, "அந்தப் பிற்பகலில் இரண்டு காணொளிகள்" என்று தொடங்கிவிட்டு, ஒன்று அடுத்த நாள் பரவியது என்று நானே எழுதியிருக்கிறேன். அடுத்த நாள் என்பதே சரி. மேலே உள்ள வரியை அழிக்கவில்லை. தவறு எங்கே இருந்தது என்று படிப்பவர்களுக்குத் தெரியட்டும்.

ஜூன் 19

அழிக்காமல் விட்டதற்குக் காரணம் கேட்கிறார்கள். நாளிதழில் தவறு வந்தால் அது கட்டுக்குள் அப்படியே கிடக்கும். பத்து ஆண்டு கழித்தும் எடுத்துக் காட்டலாம். வலைத்தளத்தில் காலையில் ஒரு தலைப்பு, மதியம் வேறொரு தலைப்பு. மாற்றியதற்கு ஒரு குறிப்பும் இருக்காது. கூர்ந்து பார்த்தால் சில நேரம் தடம் கிடைக்கும். தலைப்பை மாற்றினாலும் இணைப்பு முகவரியில் பழைய தலைப்பின் சொற்கள் ஆங்கில எழுத்துகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேபேக் மெஷின் என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் பக்கத்தின் பழைய வடிவம் கிடைப்பதும் உண்டு. என் பேத்தி கற்றுக்கொடுத்த வித்தைகள் இவை.

ஆனால் அச்சில் நின்ற தவறு திருத்தப்பட்டதா என்றால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். படுகர் ஊர்ப் பெயர்களை அறிந்தவர்களுக்குப் புரியும். ஹட்டி என்றால் ஊர். புதிய ஊர் என்ற பொருளில் அமைந்த ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருப்பதில் வியப்பில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், கரடி தாக்கி ஒரு முதியவர் இறந்தார் என்று நாளிதழ் ஒன்றில் செய்தி வந்தது. நடந்தது உதகை வட்டத்து ஊரில். அச்சானது கோத்தகிரி வட்டம் என்று. இங்கே அதே பெயருள்ள ஊரைச் சேர்ந்த ஒரு பெண், கோவையில் வேலை செய்பவர், அதைப் படித்துவிட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு முதல் பேருந்தில் ஏறி வந்துவிட்டார். அவருடைய அப்பா எங்கள் நூலகத்தில் அதே நாளிதழைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் வாசலில் நின்று அழுததை நான் பார்த்தேன். பிறகு ஒரு வாரம், பக்கம் பக்கமாகத் திருத்தம் தேடினேன். ஒரு வரிகூட வரவில்லை.

தி இந்து ஆங்கில நாளிதழ் 2006இல் வாசகர் ஆசிரியர் என்ற பதவியை உருவாக்கி, தவறுகளைத் தன் பக்கத்திலேயே ஒப்புக்கொள்ளத் தொடங்கியது.  தமிழ் நாளிதழ்கள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு மூலை இருந்திருந்தால் முதல் நாள் நான் எழுதியதை இன்னும் உறுதியாக எழுதியிருப்பேன்.

ஜூன் 22

உறைபனிச் செய்தியைப் பற்றி ஒருவர் கேட்டார். ஒவ்வொரு டிசம்பரிலும் ஜனவரியிலும் அச்சும் இணையமும் சேர்ந்தே இதைக் கெடுக்கின்றன. "ஊட்டியில் மைனஸ்" என்று தலைப்பு வரும். வானிலை நிலையத்தில் வெப்பமானியைத் தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள் வைக்கிறார்கள். மேகமில்லாத இரவில் புல்தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, அந்தக் காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடும். அதனால்தான் நிலையம் 3 டிகிரி காட்டும் காலையிலும் தலைகுந்தாவில் புல் வெளுத்துக் கிடக்கும். புல்லின் மேல் வைத்து எடுத்த அளவும் உண்மை, பெட்டிக்குள் எடுத்த அளவும் உண்மை. எது எங்கே எடுத்தது என்று சொல்லாமல் விடுவதில்தான் பிழை. கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டும் படம் பழைய ஆண்டுடையதா என்பது தனிக் கேள்வி.

மழையில் நேர்மாறான அனுபவம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியபோது, எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் என்று நிலையத்தின் பெயரோடு நான் படித்தது முகநூலில்தான். தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜான் அப்படித்தான் எழுதுவார். தொலைக்காட்சிகள் "வரலாறு காணாத" என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டன. மலையில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லால் பயனில்லை. குந்தாவிலா, கூடலூரிலா, நேற்றா, இன்றா என்பதுதான் தேவை.

ஜூன் 23

குறிஞ்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் கொடைக்கானல் வாசகர். சரியே. நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்தது 2030. நடுவில் ஒவ்வோர் ஆண்டும் குறிஞ்சியின் வேறு இனங்கள் எங்கேனும் பூக்கும். உடனே "12 ஆண்டுகளுக்கு ஒருமுறை" என்ற தலைப்போடு 2018ஆம் ஆண்டுப் படம் சுற்றத் தொடங்கிவிடும்.

ஜூலை 2

புரளி இணையத்தோடுதான் பிறந்தது என்ற பேச்சை ஏற்க முடியவில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலைப்பாதை அடைபட்டு, கோவைப் பதிப்பு ஏற்றிவரும் வேன் மேட்டுப்பாளையத்தோடு நின்றது. எங்கள் நூலகத்துக்கு நாளிதழ் வராத அந்த நாட்களில் அணை உடைந்துவிட்டது என்று இரண்டு முறை வாய்மொழியாகச் செய்தி வந்தது. இரண்டும் பொய். அப்போது எங்கள் ஊரில் ஒருவரிடமும் வாட்ஸ்அப் இல்லை. வானொலிப் பெட்டியைச் சன்னலோரம் வைத்துக்கொண்டுதான் நாங்கள் அமைதியானோம்.

புரளிக்கு இணையம் வேகத்தைத் தந்தது. அதன் விலையையும் தமிழ்நாடு கண்டது. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை ஊரார் அடித்துக் கொன்றார்கள். அந்த ஆண்டு நாட்டில் அப்படிப் பல கொலைகள் நடந்த பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்படுத்தியது. நாளிதழில் வந்த எந்தத் தவறும் அவ்வளவு வேகமாக ஒருவர் உயிரைப் பறித்ததாக எனக்கு நினைவில்லை.

ஜூலை 3

நேற்று எழுதிய கடைசி வரியை நானே மறுக்க வேண்டியிருக்கிறது. இரவு முழுவதும் 2023 மார்ச்சே மனத்தில் ஓடியது.

எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள எஸ்டேட் லைன் வீடுகளில் ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வாரம் அவர்கள் வேலைக்குப் போகவில்லை. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று அவர்கள் ஊரில் எல்லார் கைப்பேசியிலும் காணொளி. ஒரு பெண் தன் மாமியாரிடம் காணொளி அழைப்பில் பேசிக்கொண்டே வீட்டு வாசல், தண்ணீர்க் குழாய், எதிரே நின்ற என்னைக்கூட ஒவ்வொன்றாகக் காட்டினாள். எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று மாமியாருக்குக் காட்ட அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, அந்தக் காணொளிகள் வேறு சண்டைகளுடையவை என்று விளக்கினார். பீகார் அரசே ஒரு குழுவை இங்கே அனுப்பிப் பார்த்தது.

அந்தப் பொய்யை யூடியூபர்கள் மட்டும் பரப்பவில்லை. லட்சக்கணக்கில் விற்கும் இந்தி நாளிதழ் ஒன்றும் அச்சிட்டது. அதன் ஆசிரியர்மீது தமிழ்நாட்டுக் காவல்துறை வழக்குப் பதிந்தது. அந்த நாளிதழிலும் கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர், முகவரி எல்லாம் இருந்திருக்கும். அடிவரி இருப்பதால் மட்டும் ஒரு செய்தி மெய்யாகிவிடாது. ஜூன் 12 அன்று நான் எழுதியது பாதி சரி. அந்த ஆசிரியர்மீது வழக்குப் போட முடிந்தது என்பது மீதிப் பாதி.

அந்தச் செய்தியை எழுதியவர்களில் ஒருவர் திருப்பூருக்கோ கோவைக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்திருந்தால் போதும். இப்போதெல்லாம் எந்தச் செய்தியைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அதைத்தான்: எழுதியவர் அங்கே போனாரா, அங்கே இருப்பவர் ஒருவரிடமாவது பேசினாரா?

ஜூலை 6

அப்படியானால் உள்ளூர் நிருபர் உள்ள நாளிதழே மேல் என்கிறார் குன்னூர் ஐயா. உள்ளூர் நிருபர் எப்படி வாழ்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நூலகத்துக்கு மாதத்தின் முதல் வாரம் ஒருவர் வருவார். பகுதிநேர நிருபர். சம்பளம் இல்லை, அச்சான அளவுக்குப் பணம். தான் எழுதி வந்த செய்திகளை நாளிதழ்களிலிருந்து வெட்டி, வெள்ளைத் தாளில் கோந்து போட்டு ஒட்டி, அடிக்கோலால் ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். பத்து வரிச் செய்திக்காக முள்ளூருக்கோ சோலூர்மட்டத்துக்கோ பேருந்தில் போய்வந்தால் பேருந்துக் கட்டணமே மிஞ்சாது. அதனால் காவல் நிலையத்தில் கிடைப்பதைத் தொலைபேசியில் சொல்லுவார். பண்டிகை வந்தால் சிறப்பு மலருக்கு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும். விளம்பரம் தந்த கடைக்காரரைப் பற்றி அதன்பிறகு எதை எழுத முடியும்? கெட்டவர் இல்லை, ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, நான் பார்க்காததை எழுதுவதுதான் அதிகம்" என்றார்.

இது சிறிய ஊரின் சங்கடம் மட்டுமே என்று யாரும் நினைக்க வேண்டாம். 2009 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக அச்சிட்டதைப் பற்றி, பத்திரிகைக் கவுன்சில் அமைத்த இருவர் குழு 2010இல் விரிவான அறிக்கை தந்தது. பரஞ்சய் குஹா தாகுர்தாவும் கே. ஸ்ரீனிவாஸ் ரெட்டியும் எழுதியது. நாளிதழ்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட அந்த முழு அறிக்கையைக் கவுன்சிலே வெளியிடவில்லை. மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு 2011இல்தான் வெளியே வந்தது.

ஜூலை 11

மஞ்சூர் தம்பி கேட்டதில் மிச்சம் இருந்த ஒன்று: நாளிதழ் சொல்லாததை இணையம் சொன்ன நேரம் இல்லையா?

உண்டு. 2021 ஜனவரியில் மசினகுடியில் காயங்களோடு திரிந்த யானை ஒன்று தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தது. சில நாள் கழித்து ஒரு காணொளி வெளியானது. இருட்டில், விடுதிக் கட்டிடத்தின் பக்கம், எரியும் பொருளை யானைமீது வீசுகிறார்கள்; காதில் நெருப்போடு அது ஓடுகிறது. அதன்பிறகு கைதுகள் நடந்தன. அந்த இரவில் அங்கே எந்த நிருபரும் இருந்திருக்க முடியாது. கைப்பேசிதான் இருந்தது.

பழனி மலையிலும் ஒன்றைச் சொல்லலாம். கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவைப் பழைய இரும்புக் கடைக்கு விற்றது வெளியே வந்து, 2001 மார்ச்சில் மூடப்பட்டது. வெளியே கொண்டுவந்தவர்கள் உள்ளூர் மக்களும் சூழல் அமைப்பினரும். நாளிதழ்கள் அதை எழுதின. பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறை ஒற்றைப் பத்திச் செய்தி. 2006இலிருந்து முன்னாள் தொழிலாளர்கள் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். 2015இல் யூடியூபில் வந்த ஒரு ராப் பாடல் சில நாட்களில் உலகம் முழுவதும் சுற்றியது. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாடல் வாங்கித் தந்தது என்று சொன்னால் பத்தாண்டு வழக்கு நடத்தியவர்களுக்குச் செய்யும் அநியாயம். பாட்டில் புதிய தகவலும் அதிகம் இல்லை. 2001ஆம் ஆண்டுக் கட்டைப் பிரித்தால் அச்சில் கிடைத்திருக்கும். அச்சில் கிடந்ததை யாரும் திரும்பப் பார்க்காமல் இருந்தோம். இணையம் பார்க்க வைத்தது.

ஜூலை 18

மலைக்கு வரும் வண்டிகள் இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் பற்றி. ஈரோட்டிலிருந்து வந்த உறவினர் குடும்பம் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் நின்றது. இ-பாஸ் ரத்து என்று யூடியூபில் பார்த்தார்களாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது; 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தினார்கள். உத்தரவு பலமுறை நீட்டிக்கப்பட்டது; ஒவ்வொரு நீட்டிப்புக்கு முன்பும் முடியப்போகிறது என்று ஒரு காணொளி. அவர்கள் பார்த்தது போன ஆண்டுடையது. பேசியவர் "நாளையோடு" என்கிறார், எந்த நாளை?

இதில் நாளிதழை மிஞ்ச எதுவும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி இருக்கும். வடை மடித்துத் தந்த துண்டுத் தாளில்கூட அது எந்த நாளுடையது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஜூலை 20

என்னதான் செய்கிறீர்கள் என்று நேரடியாகக் கேட்கிறார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். மலையைப் பற்றி முதலில் வந்த செய்தியை, வந்த இடத்தோடும் நேரத்தோடும் இடப்பக்கம் எழுதுவேன். ஒரு வாரம் கழித்துத் தெரிந்ததை வலப்பக்கம். 2024 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை அந்த ஹெலிகாப்டர் விபத்தை "மனிதத் தவறு" என்ற தலைப்பின்கீழ் வைத்தபோது, 2021ஆம் ஆண்டு நோட்டைத் தேடி எடுத்து மூன்றாவது முறையாக அந்தப் பக்கத்தில் எழுதினேன். எந்தச் சேனல், எந்த நாளிதழ், எந்த முகநூல் பக்கம் வலப்பக்கத்தில் அதிகம் திருத்தம் வாங்குகிறது என்று எனக்கு இப்போது தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் ஊருக்கு உங்கள் நோட்டுதான் சரிப்படும்.

ஜூலை 26

மழை பிடித்துவிட்டதால், பள்ளி விடுமுறை என்று செய்திச் சேனல் பாணியில் செய்த படக் கார்டுகள் கைப்பேசியில் வரத் தொடங்கிவிட்டன. போன பருவமழையில் நடந்ததைச் சொல்கிறேன்.

இரவு 9 மணிக்கு அடுத்த வீட்டுப் பெண் கைப்பேசியோடு வந்தார். ஒரு செய்திச் சேனலின் சின்னத்தோடு, "நீலகிரியில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" என்று கார்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சேனல் வழக்கமாகப் பயன்படுத்தும் எழுத்துரு இல்லை. "பள்ளிகளுக்கு" என்ற சொல்லில் ஒற்றெழுத்து சற்றுக் கீழே இறங்கியிருந்தது. தேதி வியாழன் என்றது, மறுநாள் புதன். மாவட்ட நிர்வாகத்தின் பக்கத்திலும் ஒன்றும் இல்லை. பொய்க் கார்டு, பிள்ளையை அனுப்புங்கள் என்றேன்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் அந்தச் சிறுமி காலை 7 மணிக்கு மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு இறங்கினாள். ஏழரைக்கு ஆட்சியர் விடுமுறை அறிவித்தார். "கார்டு உண்மைதானே அக்கா, நீங்கள்தான் பொய் என்றீர்கள்" என்று அந்தப் பெண் கோபித்துக்கொண்டார். இரவு 9 மணிக்கு ஆட்சியர் எந்த முடிவும் எடுத்திருக்கவில்லை என்றும், நடக்காததை நடந்ததாக எழுதியவர் கையில் தற்செயலாக மழை வந்து சேர்ந்தது என்றும் நான் சொன்னேன். அதை அவர் ஏற்கவில்லை. நனைந்து நிற்பது அவர் பிள்ளை அல்லவா?

குடையை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். நிறுத்தத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து வந்த பேருந்தின் நடத்துநர், தான் கடந்துவந்த பள்ளியின் கதவு பூட்டிக்கிடப்பதைப் பார்த்ததாகச் சன்னல் வழியே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.